ஃப்ரிட்ஜுக்கு வெளியே ஒரு பாட்டில்

இடப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்றில் எனக்கு ஈறு இறங்கிப்போய் இரண்டு வருடம் ஆகிறது. ஃப்ரிட்ஜ் தண்ணீர் பட்டால் சுள்ளென்று காதுவரை இழுக்கும். பல்லின் உள்ளடுக்கில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் இருக்கின்றன, சில்லென்று ஏதாவது பட்டால் அவற்றுக்குள் இருக்கும் திரவம் அசைந்து நரம்பைச் சீண்டுகிறது என்று பல் மருத்துவர் விளக்கினார். விளக்கம் நன்றாகத்தான் இருந்தது, வலிதான் போகவில்லை. சரி என்று ஃப்ரிட்ஜ் தண்ணீரை விட்டுவிட்டேன்.

"இனி எனக்கு அறை வெப்பநிலைத் தண்ணீர்தான்" என்று வீட்டில் அறிவித்தபோது மகள் சிரித்தாள். "பச்சைத் தண்ணின்னு சொல்லுங்கப்பா. ஏதோ லேப்ல உட்கார்ந்து பேசற மாதிரி இருக்கு." எங்கள் வீட்டில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்தான் குடிக்கிறோம், அதைப் பச்சைத் தண்ணீர் என்பது தப்பு என்று வாதாடினேன். எடுபடவில்லை. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

முதல் வாரம் தண்ணீர் நன்றாகவே இல்லை. சப்பென்று இருந்ததற்குக் காரணம் தெரியும். காய்ச்சும்போது கரைந்திருந்த காற்று போய்விடுகிறது; இரண்டு பாத்திரங்களுக்கு இடையே நாலைந்து முறை உயர்த்தி ஆற்றினால் சரியாகிவிடும். ஆனால் அதற்கு மேல் ஒரு வாடை அடித்தது. ஈரத்துணியை மடித்து வைத்தால் வருமே, அந்த மாதிரி. அதே தண்ணீர், அதே பாட்டில், ஃப்ரிட்ஜுக்குள் இருந்தவரை ஒன்றுமே தெரியவில்லை. குளிர்ந்த தண்ணீரிலிருந்து வாசனை அவ்வளவாக எழும்பாது, நாக்கும் கொஞ்சம் மரத்துப்போகும். இத்தனை வருடம் அந்த வாடையையும் சேர்த்தேதான் குடித்திருக்கிறேன் போலிருக்கிறது.

பாட்டிலுக்குள் விரலை விட்டுத் தடவினேன். வழுவழுவென்று இருந்தது.

நுண்ணுயிர்கள் சுவரில் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றிப் பசை மாதிரி ஒரு படலம் கட்டிக்கொள்கின்றன. குழாயடியில் காட்டிக் குலுக்கி ஊற்றினால் அது போகாது, தேய்த்தால்தான் போகும். நான் மாதக்கணக்கில் குலுக்கி மட்டும்தான் ஊற்றியிருந்தேன். அதோடு, பாட்டிலில் வாய் வைத்துக் குடிக்கிற பழக்கம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எச்சில் உள்ளே திரும்பிப் போகிறது. ஃப்ரிட்ஜின் குளிரில் இதெல்லாம் மெதுவாக வளரும். மேசைமேல் வைத்தால் அந்தத் தயவு கிடையாது.

அப்புறம் வீட்டில் சில மாற்றங்கள். வாய் குறுகலான பாட்டில்கள் இரண்டைத் தூக்கிப் போட்டேன், பிரஷ் நுழையாத பாட்டில் எதற்கு? மற்றவற்றுக்குத் தினமும் சோப்பும் பிரஷும், இரவில் கவிழ்த்து வைப்பது. மொத்தமாகத் தண்ணீர் பிடித்து வைக்க அடியில் குழாய் வைத்த 10 லிட்டர் கேன். டம்ளரை விட்டு மொள்ளுகிற பாத்திரத்தில் எவ்வளவு சுத்தமான தண்ணீரை ஊற்றினாலும், மொள்ளுகிற கைதான் கடைசியில் அதன் தரத்தைத் தீர்மானிக்கும். கேனை முதலில் ஜன்னலோரம் வைத்திருந்தேன். ஒரு மாதத்தில் உள்ளே லேசாகப் பச்சை பூத்துவிட்டது, வெளிச்சம் பட்டால் பாசி வரத்தானே செய்யும். இப்போது இருட்டான மூலைக்குப் போய்விட்டது. அதே மூலையில் பெயிண்ட் கலக்கும் தின்னர் டப்பா ஒன்று இருந்தது, அதை வெளியேற்றினேன். அந்த ஆவி பிளாஸ்டிக் வழியாகவே தண்ணீருக்குள் ஊடுருவும்.

குழாயில் தண்ணீர் வராத நாளுக்கென்று தனியாகவும் சேமித்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4 லிட்டர், மூன்று நாளைக்கு என்பது பொதுவான கணக்கு. நாங்கள் மூன்று பேர், ஆக 36 லிட்டர். அந்தக் கேன்களைக் கழுவிய பிறகு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் வாசனை சேர்க்காத ப்ளீச் கலந்து, மூடிக் குலுக்கி, அரை நிமிடம் விட்டுக் கொட்டி, காயவைத்துத்தான் நிரப்புகிறேன். மேலே தேதி எழுதிய டேப். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவேன். பழையது தரை துடைக்கவும் செடிகளுக்கும் போகும். செடிக்கு அது நல்லதும்கூட. சில செடிகளின் இலையில் குளிர்ந்த நீர் பட்டால் திட்டுத் திட்டாக வெளுத்துவிடும்.

மைத்துனர் வந்தபோது, "ஐஸ் தண்ணி குடிச்சா உடம்பு இளைக்குமாம், நீங்க இப்படிப் பண்றீங்களே மாப்பிள்ளை" என்றார். அரை லிட்டர் தண்ணீரை 5 டிகிரியிலிருந்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினேன், 16 கலோரி. அவர் அதைச் சேமிப்பாகத்தான் எடுத்துக்கொண்டார்.

மகள் மட்டும் இன்னும் மாறவில்லை. அவள் பாட்டில் ஃப்ரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது, என் பிரஷ் அதன் பக்கம் போக அனுமதி இல்லை. நேற்று அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. மேசைமேல் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி முகர்ந்தேன்.

"இங்க கொஞ்சம் வாம்மா" என்று கூப்பிட்டேன்.