ஒபெலிஸ்க்கின் அடியைக் குனிந்து பாருங்கள்

எகிப்தின் கர்னாக் கோயிலில் ஹாட்ஷெப்சுட் அரசி எழுப்பிய ஒபெலிஸ்க், அதாவது மேலே போகப்போகக் குறுகும் நாற்கோணக் கல்தூண், இன்றும் அதே இடத்தில்தான் நிற்கிறது. உயரம் சுமார் 29.6 மீட்டர், எடை 320 டன்னுக்கு மேல். அஸ்வான் சிவப்பு கிரானைட்டில் வெட்டிய ஒற்றைக்கல். அண்ணாந்து பார்த்ததோடு நகர்ந்துவிடாமல் குனிந்து பீடத்தையும் பாருங்கள். தூண் பீடத்தின் மேல் நேராகப் பொருந்தாமல் லேசாகத் திரும்பி உட்கார்ந்திருக்கும்.

பீடத்தின் மேல்பரப்பில், ஒரு விளிம்பை ஒட்டி நீளவாக்கில் காடி (குறுகிய பள்ளம்) வெட்டியிருப்பார்கள். அடிப்பக்கம் முன்னே வரும்படி இழுத்து வந்த தூணின் கீழ்விளிம்பு அந்தக் காடியில் மாட்ட வேண்டும். அப்போதுதான் கயிறு கட்டி நிமிர்த்தும்போது அடி வழுக்காமல், கதவின் கீல்போலத் திரும்பும். விளிம்பு முழுவதும் இறங்காமல் ஒரு முனை மட்டும் பிடித்துக்கொண்டால் தூண் திருகிக்கொண்டு எழும். இத்தனை டன் கல் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் பிறகு திருத்துவது எளிதல்ல.

விழுந்து எழுந்த தூண்களில் அடிமூலைகள்தான் பெரும்பாலும் சிதைந்திருக்கும். எகிப்தின் ஹெலியோபோலிஸ் நகரில் மன்னர் மூன்றாம் துட்மோஸ் நிறுத்திய இரண்டு தூண்களை ரோமானியர் கி.மு. 13-12 வாக்கில் அலெக்சாண்டிரியாவுக்குக் கொண்டுபோனார்கள். மூலைகள் உடைந்த தூண் பீடத்தில் ஆடாமல் நிற்க, மூலைக்கொன்றாக வெண்கல நண்டுகளை வைத்தார்கள். 1879-ல் அமெரிக்கக் கடற்படை அதிகாரி கோரிஞ்ச் அந்த இரண்டு தூண்களில் ஒன்றை இறக்கியபோது நான்கு நண்டுகளில் இரண்டே மிச்சம். நண்டின் கொடுக்கில் கிரேக்கத்திலும் லத்தீனிலும் எழுத்து உண்டு. அதில் உள்ள ஆண்டை முதலில் எட்டு என்று படித்துவிட்டு, பிறகுதான் பதினெட்டு என்று திருத்தினார்கள். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் ஆட்சியின் பதினெட்டாம் ஆண்டு. மூல நண்டுகள் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பக்கத்திலேயே சென்ட்ரல் பார்க்கில், 1881 ஜனவரியில் நிமிர்த்திய அந்தத் தூண் புதிதாக வார்த்த நண்டுகள் மேல் நிற்கிறது. பீடத்தையும் படிக்கற்களையும்கூட அலெக்சாண்டிரியாவிலிருந்து எடுத்து வந்ததுதான் கோரிஞ்ச் செய்த பெரிய நல்ல காரியம்.

இதன் ஜோடித் தூண் 1878 முதல் லண்டனில், தேம்ஸ் கரையில் இருக்கிறது. அதன் உடைந்த மூலைகளை வெண்கல உறை மூடிவிட்டது. கல்லின் காயம் வெளியே தெரிவதில்லை என்பதில் எனக்கு வருத்தம்தான்.

இஸ்தான்புல்லில் நிற்கும் எகிப்தியத் தூணுக்குக் கீழ்ப்பகுதியே இல்லை. மிஞ்சிய கல் நான்கு வெண்கலக் கட்டைகள் மேல் நிற்கிறது; கட்டைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். கி.பி. 390-ல் ரோமப் பேரரசர் தியோடோசியஸ் காலத்தில் நிறுத்தியது. பீடத்திலேயே தூண் நிமிர்த்தும் காட்சி செதுக்கியிருக்கிறது. வேலை எத்தனை நாள் பிடித்தது என்பதில் மட்டும் ஒரே பீடத்தின் இரு கல்வெட்டுகளும் ஒத்துப்போவதில்லை: லத்தீன் 30 என்கிறது, கிரேக்கம் 32 என்கிறது.

பாரிஸில், கான்கார்ட் சதுக்கத்தில் 1836 அக்டோபர் 25-ல் நிமிர்த்திய, எகிப்தின் லக்சர் கோயிலிலிருந்து வந்த தூணுக்குப் பீடம் பிரான்சின் பிரிட்டனி கிரானைட். தூணை இறக்கியதும் ஏற்றியதுமான இயந்திரங்களின் படங்கள் பொன்னிறத்தில் அதில் செதுக்கப்பட்டுள்ளன. பொறியியலில் ஆர்வமுள்ளவர்கள் அங்கே அரை மணி நேரமாவது செலவிட வேண்டும். பழைய பீடத்தின் குரங்குச் சிற்பங்கள் லூவர் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. தூணின் ஜோடி லக்சர் கோயில் வாசலில், தன் குரங்குகளோடு இன்னும் இருக்கிறது.

ரோமில் லேட்டரன் சதுக்கத்துத் தூண் 32 மீட்டர். நிற்பவற்றில் இதுவே உயரம். 1587-ல் தோண்டியெடுத்தபோது மூன்று துண்டாகக் கிடந்தது. மறுவருடம் ஒட்டி நிறுத்தியபோது அடியைச் செதுக்கிச் சீராக்கியதில் மூல உயரம் குறைந்துபோனது.

அடி என்று நான் சொல்வது இதுவரை பக்கவாட்டில் தெரிவதைத்தான். தூணின் அடிப்பரப்பையே பார்க்க கெய்ரோவுக்குப் போக வேண்டும். கிசாவின் பெரிய எகிப்திய அருங்காட்சியக முற்றத்தில், பழைய எகிப்திய நகரமான தானிஸிலிருந்து வந்த, மன்னர் இரண்டாம் ராம்சேஸின் ஒபெலிஸ்க்கைத் தாங்குகால்கள்மேல் உயர்த்தி வைத்திருக்கிறார்கள். கீழே நடந்துபோய் நிமிர்ந்தால், பீடத்தோடு ஒட்டி மறைந்திருந்த பரப்பில் ராம்சேஸின் பெயர் வெட்டியிருப்பது தெரியும்.