சீட்டுல எழுதின கீரை

"இது எந்த கவுண்டர்ல குடுப்பாங்க தம்பி?"ன்னு பக்கத்துல நின்ன அக்கா ஓபி சீட்டை நீட்டுனாங்க.

இரும்புச்சத்து மாத்திரைக்குக் கீழ டாக்டரம்மா தமிழ்லயே எழுதியிருக்காங்க. முருங்கைக்கீரை, வாரம் 3 நாள், எலுமிச்சை பிழிஞ்சு. சாப்பிட்ட கையோட டீ கூடாது. அந்த டீக்கு மட்டும் அடியில ரெண்டு கோடு வேற!

மாத்திரை ஃப்ரீ, கீரைக்குக் காசு. சிக்கலே அங்கதான்.

தமிழ்நாட்டுல 15லேர்ந்து 49 வயசு வரைக்கும் உள்ள பொண்ணுங்கள்ல 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு 2019-21 தேசிய குடும்பநல சர்வே சொல்லுது, மாத்திரை மட்டும் போதும்னா இந்நேரம் நல்லாவே குறைஞ்சிருக்கணும்ல.

அமெரிக்காவுல 2018 விவசாயச் சட்டத்துலயே இதுக்குப் பணம் ஒதுக்கிட்டாங்க, டாக்டர் எழுதிக் குடுத்தா காய்கறி பழத்துக்குக் கூப்பன், சில ஊர்ல அதை நேரா விவசாயிங்க சந்தையிலயே குடுத்து வாங்கிக்கலாம், காசு விவசாயி கைக்கே போகுது.

நமக்கு உழவர் சந்தை 1999லயே வந்தாச்சு. சீட்டு எழுதுற டாக்டரும் இருக்காங்க. நடுவுல ஒரு டோக்கன்தான் இல்ல.

கர்ப்பிணிகளுக்கு ஊட்டச்சத்து பெட்டகம் ஏற்கனவே குடுக்குறாங்கல்ல, அதோட கீரைக்கட்டுக்கு ஒரு டோக்கனும் சேர்த்து ஆரம்பிச்சா என்ன?