ஊட்டி குளிர்ல வெள்ளி கண்ணாடி செஞ்ச கதை

எம்எஸ்சி ப்ராஜெக்டுக்கு பயோஆக்டிவ் கிளாஸ்ல கிருமிய கொல்ல வெள்ளி சேர்க்கலாம்னு மேடம் சொன்னப்ப பெரிய வேலையா தெரியல. எலும்போட ஒட்டிக்கிற கண்ணாடி, 1969ல லாரி ஹென்ச் கண்டுபிடிச்சது. அவரோட 45எஸ்5ங்கிற கண்ணாடி உருக்கி ஊத்துறது, அவ்வளவு சூடு போற ஃபர்னஸ் எங்க லேப்ல கெடையாது, அதனால சால்-ஜெல்தான், அதாவது கரைசலா கலந்து, ஜெல்லா கெட்டியாக்கி, அப்புறம் சுடுறது.

தண்ணி, கொஞ்சம் நைட்ரிக் ஆசிட், டிஇஓஎஸ் (கண்ணாடிக்கு சிலிக்கா தர்ற திரவம்), அப்புறம் ட்ரைஎத்தில் பாஸ்பேட், கால்சியம் நைட்ரேட், கடைசியா சில்வர் நைட்ரேட், ஒண்ணு நல்லா தெளிஞ்சப்புறம்தான் அடுத்தது. மூணு நாள்ல ஜெல் ஆயிடும்னு படிச்சிருந்தேன், ஆனா அது 25 டிகிரில இருக்கிறவங்களுக்கு, இங்க ஜூலை மாசம் மழையும் காத்துமா லேப்புக்குள்ளயே ஸ்வெட்டர் போட்டுட்டு நிக்கிறோம், அஞ்சு நாளாகியும் தண்ணி மாதிரியே இருந்துச்சு. சரின்னு தெர்மாகோல் பெட்டிக்குள்ள 60 வாட்ஸ் குண்டு பல்பு போட்டு வெச்சேன், கோழிக்குஞ்சுக்கு போடுவாங்கல்ல, அதேதான்.

காலையில வந்து பாத்தா ஜெல் ஆயிருக்கு, கலர்தான் பழுப்பு. லேப் அண்ணா எட்டிப் பாத்துட்டு "என்னம்மா, டிகாஷன் போட்டு வெச்சிருக்கியா"ன்னாரு. வெளிச்சம் பட்டா சில்வர் அயனி உலோக வெள்ளியா மாறிடும்னு பரீட்சையில எழுதுனவதான் நானு! குளிருக்குன்னு வெச்ச பல்பே வேலைய கெடுத்துருச்சு. அடுத்த தடவை அதே பெட்டி, அதே பல்பு, ஆனா டப்பாவ சுத்தி அலுமினியம் ஃபாயில் ரெண்டு சுத்து.

அந்த பேட்ச்ல இன்னொரு கூத்து, சில்வர் நைட்ரேட் விட்டதும் பால் மாதிரி கலங்கிருச்சு. டிஸ்டில்டு வாட்டர்னு எழுதியிருந்த கேன்ல யாரோ குழாய்த்தண்ணி புடிச்சு வெச்சிருக்காங்க, அதுல இருந்த குளோரைடு வெள்ளியோட சேர்ந்து படிஞ்சிருச்சு. இப்பல்லாம் எந்த கேனா இருந்தாலும் முதல்ல கொஞ்சூண்டு தண்ணியில ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பாத்துட்டுதான் தொடுவேன். கையுறை போடாம தொட்டு விரல் நுனி கறுப்பாகி ஒரு வாரம் சுத்துனதும் உண்டு.

மூணாவது பேட்ச் ஒழுங்கா வந்துச்சு. உலர்த்தி 600 டிகிரில சுடும்போது நடுவுல கரண்ட் போயிருச்சு, எங்கயோ மரம் சாஞ்சு லைன் மேல விழுந்திருக்கு. நைட்ரேட் முழுசா போகாம இருந்தா அதுவே கிருமிய பாதிச்சு ரிசல்ட்ட கொழப்பிடும், அதனால மறுபடி முதல்ல இருந்து சுட்டேன்.

ஈ.கோலைங்கிற பாக்டீரியா வளர்ற பிளேட்ல ரெண்டு வெச்சோம், வெள்ளி போட்டதோட வெள்ளி சேர்க்காத கண்ணாடியும் சேர்த்து. இத விட்டுடாதீங்க, கண்ணாடி கரையும்போது பிஹெச் ஏறும், அதுக்கே சில கிருமி சாகும், அப்புறம் பேர் மட்டும் வெள்ளிக்கு போயிடும். எனக்கு சும்மா கண்ணாடிய சுத்தி ஒண்ணுமில்ல, வெள்ளி போட்டத சுத்தி கிருமி வளராம பளிச்சுனு ஒரு வளையம்.

எக்ஸ்ஆர்டிக்கு (எக்ஸ்-ரே விட்டு உள்ள என்ன படிகம் இருக்குன்னு பாக்குற டெஸ்ட்) மேட்டுப்பாளையம் பஸ் புடிச்சு கோயம்புத்தூர் போனேன். கிராஃப்ல 38 டிகிரி கோணத்துக்கு பக்கத்துல சின்னதா ஒரு பீக், அது உலோக வெள்ளியோடது, அதாவது கொஞ்சம் வெள்ளி உலோகமாவே தங்கிருச்சு. மேடம் பாத்துட்டு "அதையும் அப்படியே எழுது, மறைக்காத"ன்னாங்க. அடுத்து எலும்பு செல் டெஸ்ட், வெள்ளி அதிகமானா அதுவும் செத்துரும்.