தகைவிலான் எங்கிருந்து வந்தது? – ஹைக்கூ களத் தேர்வில் இரண்டாம் முறை தேறிய அனுபவம்

சென்ற வியாழக்கிழமை முடிவு வந்தது. நூற்றுக்கு 71. சென்ற ஆண்டு இதே ஹைக்கூ களத் தாளில் நான் வாங்கியது 38. தேர்ச்சிக்கு 40 வேண்டும் என்பதால், இரண்டே இரண்டு மதிப்பெண்ணுக்காக ஓராண்டு காத்திருந்து, கட்டணத்தையும் மறுபடி கட்டி, நாற்பது விடியற்காலைகளை இரண்டாம் முறையும் பனியில் நின்று கழிக்க வேண்டியதாயிற்று. படைப்பிலக்கியச் சான்றிதழ்ப் படிப்பில் ‘பறவைகளும் இளவேனிலின் முதல் அறிகுறிகளும்’ என்ற தலைப்பை எடுத்திருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நாற்பது நாள் வெளியில் பார்த்ததை எழுதும் குறிப்பேடு, பத்து ஹைக்கூ கவிதைகள், அவற்றைப் பற்றிய நேர்காணல் என்ற அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆகவே நேரே என் தவறுக்கு வருகிறேன்.

முதல் முறை நான் கொடுத்த பத்தில் முதலாவது இது:

வசந்தம் வந்ததைச்
சொல்ல வந்தது தகைவிலான் —
கூரையெங்கும் மகிழ்ச்சி

நேர்காணலில் தேர்வாளர் இதை நிதானமாக இரண்டு முறை வாசித்துவிட்டு, “தகைவிலான் எங்கிருந்தும்மா வந்தது?” என்று கேட்டார். “தெரியலைங்க ஐயா” என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்ட எதுவும் என் காதில் சரியாக விழவில்லை.

நீலகிரியில் எங்கள் ஊரான கேத்தி பாலாடாவில், தெருக் கடைகளின் கூரைக்கு அடியில் மண் உருண்டைகளை ஒட்டிக் கூடு கட்டும் மலைத் தகைவிலான் எங்கிருந்தும் வருவதில்லை. அது ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கிறது. அதன் உறவான மற்றொரு தகைவிலான் சமவெளிக்கு வலசை வருகிறது என்றாலும், அதுவும் மழைக்காலத்தை ஒட்டி வந்து, வெயில் ஏறத் தொடங்கும்போது வடக்கே போய்விடும் பறவையாகும். ஜப்பானில்தான் அது தெற்கிலிருந்து இளவேனிலில் வந்து சேர்கிறது. அதனால்தான் அவர்களுடைய பருவச்சொல் (ஹைக்கூவில் பருவத்தை உணர்த்தும் சொல்) பட்டியலில் அது இளவேனிலுக்கு உரியதாக இருக்கிறது. நான் மொழிபெயர்ப்புகளில் படித்த பருவத்தை என் வீட்டுக் கூரையில் கொண்டுவந்து ஒட்டியிருந்தேன். ‘வந்தது’ என்ற ஒரு வினைச்சொல்லே என்னைத் தோற்கடித்தது என்று இன்றும் சொல்வேன். மீதிக் கவிதைகளும் மோசமானவைதானே என்று என் தம்பி சொல்கிறான்.

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மீதி ஒன்பதில் இரண்டில் செர்ரிப் பூ இருந்தது. வீட்டுக்குப் பின்னால் இலை துளிர்ப்பதற்கு முன்பே வெள்ளையாகப் பூத்து நின்ற பிளம்ஸ் மரம் ஒன்றில்கூட இல்லை. இன்னொன்றில் ஜப்பானியரின் ‘உகுயிசு’வைக் குயில் என்று எழுதியிருந்தேன். உகுயிசு குயில் அன்று. புதருக்குள் மறைந்து திரியும், நிறம் மங்கிய சிறு குருவி. குயிலினத்தைச் சேர்ந்தது ‘ஹொதொதொகிசு’, அதுவும் கோடைக்கு உரியது. இந்தக் குழப்பத்துக்கு எழுத்துத் தேர்விலும் மதிப்பெண் போகும்.

இரண்டாம் முறை பிப்ரவரி 18 முதல் மார்ச் 29 வரை குறிப்பேடு எழுதினேன். இடத்தை மாற்றவே இல்லை. கேரட் கழுவும் இயந்திரத்திலிருந்து வெளியேறும் செம்மண் நீர் ஓடையில் கலக்கும் இடத்தில் ஒரு மதகு உண்டு. அதன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, காலை 6.30 முதல் 7.15 வரை கேட்டதையும் பார்த்ததையும் மட்டும் எழுதினேன். முதல் வாரத்தில் புல்லின்மேல் உறைபனி இருந்தது. பேனா எழுதாமல் பென்சிலுக்கு மாறினேன். ஓடையின் நடுக்கல்லில் அடிவயிறு மஞ்சளான சாம்பல் வாலாட்டி ஒன்று நாள்தோறும் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. செப்டம்பர் வாக்கில் இமயமலைப் பக்கத்திலிருந்தும் அதற்கும் வடக்கிலிருந்தும் இந்த மலைக்கு வரும் பறவை அது. நான் அதைப் பொருட்படுத்தவே இல்லை. குளிர்காலப் பறவைக்கு இளவேனில் தாளில் என்ன வேலை என்று நினைத்து, “வாலாட்டி, கல், 6.50” என்று வருகைப்பதிவு எடுப்பதுபோல் எழுதிவிட்டு, குக்குறுவான் எப்போது கத்தும், சீகாரப் பூங்குருவி எப்போது சீட்டியடிக்கும் என்று சோலைப் பக்கமே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 26 அன்று அந்த வரி இல்லை. 27, 28 ஆகிய நாள்களிலும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து ஏட்டைப் புரட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் மலையில் பனிக்காலம் முடிந்ததைச் சொல்வது வருகிற பறவை அன்று, போய்விட்ட பறவை. ஜப்பானியரிடமும் இதற்கு முன்மாதிரி உண்டு. இலையுதிர்காலத்தில் வந்து சேரும் காட்டு வாத்துகள், வடக்கே திரும்பும்போது இளவேனிலின் பருவச்சொல்லாகிவிடுகின்றன.

முதலில் எழுதியது இது:

ஓடைக்கல்லில் வெயில் —
நேற்றுவரை ஆடிய வால்
இன்று இல்லை

‘நேற்றுவரை’, ‘இன்று இல்லை’ இரண்டும் வாசகனுக்கு விளக்கம் சொல்கின்றன என்று பட்டது. மறுநாள் ஓடைக்குள் இறங்கி, கல்லைக் கிட்டத்தில் பார்த்தேன். அதன் ஒரு மூலையில் சுண்ணாம்பு தெறித்ததுபோல் எச்சம் காய்ந்து, விளிம்பு உரியத் தொடங்கியிருந்தது.

கேரட் கழுவிய நீர் —
வாலாட்டி நின்ற கல்லில்
எச்சம் காய்ந்திருக்கிறது

இந்த ஆண்டு நேர்காணலில் வேறொரு தேர்வாளர் இருந்தார். “இதில் இளவேனில் எங்கே?” என்று கேட்டார். இந்தக் கேள்வி எல்லோருக்கும் வரும். ஜப்பானிய ஹைக்கூ கவிஞர் பாஷோவின் 1686ஆம் ஆண்டுத் தவளைக் கவிதையிலும் இளவேனில் என்ற சொல் கிடையாது; தவளையே பருவச்சொல் என்று தொடங்கி, என் வாலாட்டிக்கு வந்தேன். அவர் விடவில்லை. நம் மரபில் இளவேனில் சித்திரையும் வைகாசியும் ஆயிற்றே, பங்குனி பின்பனி அல்லவா என்றார். ஜப்பானிய நாள்காட்டியில் இளவேனில் பிப்ரவரி 4 வாக்கிலேயே, குளிர் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது என்றும், முதற்பொருளில் பொழுதோடு நிலத்தையும் சேர்த்துச் சொன்ன தொல்காப்பியர் எங்கள் பாலாடாவின் பின்பனிக்கும் இடம் வைத்திருக்கிறார் என்றும் சொன்னேன். கடைசிப் பகுதி கொஞ்சம் துணிச்சல்தான். ஆனால் அவர் சிரித்தார்.

இனி, தேர்வுக்கு முந்தைய பதினைந்து நாள்களுக்கான குறிப்புகள்:

– ஒவ்வொரு கவிதையிலும் வினைச்சொல்லை அடிக்கோடிடுங்கள். அந்தப் பறவை உங்கள் ஊரில், அந்த மாதத்தில் அதைச் செய்யுமா என்று கேளுங்கள். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

– ஹைக்கூவின் மூன்றடிக்கு 5-7-5 என்று எழுத்தெண்ணிக்கொண்டிருக்காதீர்கள். ஜப்பானியர் எண்ணுவது நம் எழுத்தை அன்று. ‘நிப்பொன்’ என்பதை அவர்கள் நான்காக எண்ணுவார்கள், நாம் ஒற்றை நீக்கி இரண்டாக எண்ணுவோம். நான் மூன்று நாள்களை இதில் வீணாக்கினேன்.

– ஜப்பானிய ஹைக்கூவில் கவிதையை ஓரிடத்தில் வெட்டி நிறுத்தும் வெட்டுச்சொல் நம்மிடம் இல்லை. முதலடியையோ இரண்டாமடியையோ பெயர்ச்சொல்லில் நிறுத்துங்கள். ஏகாரமும் சில இடங்களில் உதவும்.

– பாரதியார் 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியது நேர்காணலில் கட்டாயம் வரும்.

– மகிழ்ச்சி, அழகு, வசந்தம்: மூன்றும் வேண்டாம்.

இருநோக்கியும் கேமராவும் கொண்டுபோக வேண்டாம் என்பது என் கருத்து. என்னோடு எழுதிய ஒருவர் தொட்டபெட்டா சரிவில் பூத்திருந்த காட்டுப்பூவரசில் வரும் பறவைகளையெல்லாம் படமெடுத்து, பட்டியலிட்டு, அதிலிருந்து எழுதி என்னைவிட ஐந்து மதிப்பெண் கூடுதலாக வாங்கினார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரே இடத்தில் நிற்பதுதான் ஒத்துவரும். அலைந்தால் பெயர்கள்தான் சேர்கின்றன. மாலையில் எழுத முயன்ற நாள்களில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. விடியலில், அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு வாசலில் நின்ற ஐந்து நிமிடத்தில் கிடைத்ததுதான் பத்தில் இரண்டாவது:

தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை —
பூங்குருவியின் சீட்டி
பாதியில் நிற்கிறது

இதற்கு எவ்வளவு கிடைத்தது என்று தெரியாது; தனித்தனியாக மதிப்பெண் சொல்வதில்லை. குறிப்பேட்டையும் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள், இரண்டு கடிதம் போட்டும் இதுவரை வரவில்லை. நாற்பது நாள் பென்சில் எழுத்து அதில் இருக்கிறது. ஒப்படைப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பென்சிலில் எழுதியிருந்தால் கொஞ்சம் அழுத்தமாக எடுக்கச் சொல்லுங்கள்.