வெனிலாவா, சாக்லேட்டா?

பள்ளியில் பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிக்கும் விவாத மேடைக்கும் தயார் செய்வது 12 வருடமாக என் பொறுப்பு. "எதிரில் நிற்பவனைப் பார்க்காதே, நடுவரைப் பார்த்துப் பேசு" என்பது நான் முதல் நாளே சொல்லித்தரும் பாடம். போன ஞாயிற்றுக்கிழமை 'தேங்க் யூ ஃபார் ஸ்மோக்கிங்' (2005) என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்ததிலிருந்து அந்தப் பாடம் நெஞ்சில் முள்ளாக உறுத்துகிறது.

நிக் நெய்லர், சிகரெட் கம்பெனிகளுக்காக வாதாடிப் பிழைப்பவன். ஆரன் எக்கார்ட் அப்படியொரு புன்னகையோடு நடித்திருக்கிறார். ஒரு காட்சியில் தன் மகன் ஜோயிக்கு வாதம் கற்றுத்தருகிறான். சாக்லேட் ஐஸ்கிரீம்தான் சிறந்தது என்று பையன் பேச வேண்டும், வெனிலாவுக்கு அப்பா. ஆனால் நிக் வெனிலாவின் ருசியைப் பற்றி வாயே திறப்பதில்லை. எனக்கு சாக்லேட் மட்டும் போதாது, வெனிலாவும் போதாது, விரும்பியதை வாங்கும் சுதந்திரம் வேண்டும் என்று பேச்சைத் திருப்பிவிடுகிறான். நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லையே என்கிறான் பையன். நான் உனக்காகப் பேசவில்லை, அவர்களுக்காக என்று சுற்றியிருக்கும் கூட்டத்தைக் காட்டுகிறான் அப்பா.

அந்த இடத்தில் நிறுத்தி, மூன்று முறை திரும்பப் பார்த்தேன். அது என் பாடமேதான்.

படம் முழுக்க ஒருவரும் சிகரெட் பிடிப்பதில்லை. எல்லாம் வெறும் பேச்சு. நிஜத்திலும் அப்படித்தான் நடந்தது. 1954 ஜனவரி 4 அன்று அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் 400-க்கும் மேற்பட்ட நாளிதழ்களில் ஓர் அறிக்கை வெளியிட்டன. புற்றுநோய்க்கு சிகரெட் காரணம் என்பதற்கு ஆதாரமில்லை, ஆராய்ச்சிக்கு நாங்களே உதவுகிறோம் என்றன. 1969-இல் ஒரு கம்பெனியின் உள்குறிப்பு, சந்தேகம்தான் நாம் விற்கும் சரக்கு என்றே எழுதிவைத்தது. 1994-இல் ஏழு கம்பெனித் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வலது கையை உயர்த்தி சத்தியம் செய்துவிட்டு, நிகோடின் அடிமையாக்கும் என்று நம்பவில்லை என்றார்கள். இத்தனைக்கும் இடையில் எத்தனை வீடுகளில் இழவு விழுந்திருக்கும்!

திங்கட்கிழமை பயிற்சி. பள்ளியில் செல்போன் வேண்டுமா என்பது தலைப்பு. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தூக்கம் கெடுவது பற்றி எதிரணி கேட்டதைத் தொடாமலே, 'மாணவர் உரிமை' என்று அழகாகத் திருப்பினாள். குரல் ஏற்ற இறக்கம், கை அசைவு எல்லாம் அருமை. முன்பென்றால் கைதட்டியிருப்பேன்.

"சரி, தூக்கத்துக்கு என்ன பதில்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். "தெரியல மிஸ்."

அப்புறம் இருவருமாக நூலகத்துக்குப் போனோம்.