வாழையிலைக் கட்டுகள்

மார்ச் 4, செவ்வாய்

ஒரு வாரமாகக் குலாவைப் பற்றித்தான் படிக்கிறேன். பப்புவா நியூ கினியின் மில்ன் பே பகுதியில் தீவுக்குத் தீவு படகேறிப் போய்ச் செய்யும் பரிமாற்ற முறை அது. சிவப்புச் சிப்பி மாலைகள் வலமாகவும், வெள்ளைச் சங்கு வளைகள் இடமாகவும் சுற்றி வரும். கைக்கு வந்ததை யாரும் தன்னிடமே வைத்துக்கொள்வதில்லை. இதை உலகம் அறிந்தது 1922-இல் வந்த மானுடவியலாளர் மலினோவ்ஸ்கியின் நூலால். படகு, கடல், மந்திரம், ஆண்கள். படிக்கப் படிக்கப் பெண்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற கேள்விதான் வருகிறது.

மார்ச் 5, புதன்

பதில் கிடைத்தது. மானுடவியலாளர் அனெட் வைனர் 1971-இல் அதே மில்ன் பே பகுதியின் ட்ரோப்ரியாண்ட் தீவுகளுக்குப் போனது மரச்சிற்பங்களை ஆராய. கிராமத்துக்கு வந்த முதல் நாளே ஒரு சாவுச் சடங்கைப் பார்த்தார். பெண்கள் ஆயிரக்கணக்கான காய்ந்த வாழையிலைக் கட்டுகளையும் நார்ப் பாவாடைகளையும் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதோடு அவருடைய ஆராய்ச்சியின் திசையே மாறிவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

இன்று முழுக்க இதே நினைப்பு. அங்கே தாய்வழிதான் குலம். ஒருவர் இறந்தால் அந்தக் குலத்தார் உடலைத் தொடக் கூடாது. குளிப்பாட்டுவது, அலங்கரிப்பது, சுமப்பது எல்லாம் வாழ்க்கைத் துணையும் தகப்பன் வழியாரும். தலையை மழித்து, உடம்பில் கரி பூசி, மாதக்கணக்கில் துக்கம் காப்பதும் அவர்களே. அப்புறம் ஒரு நாள் இறந்தவரின் குலப் பெண்கள் மைதானத்தில் உட்கார்ந்து, யார் என்ன செய்தார்கள் என்று பார்த்துப் பார்த்துக் கட்டுகளைக் கொடுக்கிறார்கள். அதிகம் போவது துணைக்கும் தகப்பன் வழிக்கும்.

வேறு எதற்கும் பயன்படாத இலைக்கட்டுதான். ஆனால் சுரண்டி, காயவைத்து, கட்டிச் சேர்க்கப் பெண்கள் செலவிட்ட உழைப்பு அதில் இருக்கிறது. துக்கத்தில் மற்றவர் பட்ட பாட்டுக்கு இவர்களின் உழைப்பே பதில்.

மார்ச் 12, புதன்

யாம் என்னும் கொடிக் கிழங்கை விளைவித்து, சகோதரன் ஆண்டுதோறும் அக்கா தங்கையின் கணவனுக்குத் தருகிறான். அதற்கு ஈடாக, அவள் குலத்தில் சாவு வந்தால் கணவன் தன் கிழங்கையும் பணத்தையும் கொடுத்துக் கட்டுகள் சேர்த்துத் தர வேண்டும். ஆண்களின் தோட்டமும் பெண்களின் இலையும் ஒரே கணக்கில் ஓடுகின்றன. கிழங்கை மட்டும் எண்ணினால் பாதிதான் தெரியும்.

தகப்பன் பிள்ளையின் குலத்தவன் இல்லை. ஆனாலும் ஊட்டி வளர்ப்பவன் அவன். பிள்ளையின் முகம் அவன் சாயல் என்றே அங்கே சொல்வார்கள். தாயின் ஜாடை என்றால் அவமதிப்பு. அந்தப் பிள்ளை இறக்கும் நாளில், ஊட்டிய கைக்கான கட்டுகள் அவன் வீட்டு வாசலுக்கு வரும்.