தொழுவத்து நாட்குறிப்பு: கால்வே, அயர்லாந்து, 2025

24 ஜனவரி, வெள்ளி

ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. புயலுக்கு ஏயோவின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்டால் யார் வீட்டுச் செல்லக் குழந்தையோ என்று தோன்றும். நாடு முழுவதற்கும் சிவப்பு எச்சரிக்கை. விடிவதற்கு முன்பே கரண்ட் போய்விட்டது. மனைவிக்கு நைட் டியூட்டி. காற்று அடங்கும்வரை ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பாதே என்று சொல்லிவிட்டேன். காரில் உட்கார்ந்து ரேடியோ கேட்டேன். எங்கள் மாவட்டக் கடற்கரையில், மேஸ் ஹெட்டில், மணிக்கு 183 கிலோமீட்டர் வேகமாம். 1945-ல் ஃபாய்ன்ஸில் பதிவான 182-தான் இதுவரை சாதனை. எண்பது வருஷம் நின்ற சாதனை ஒரே ஒரு கிலோமீட்டரில் போயிற்று.

காற்று தணிந்த பிறகு பெரியவர் பண்ணைக்கு நடந்தே போனேன். இங்கே முதலாளியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நேரில் நானும் அப்படித்தான். எழுத உட்கார்ந்தால் மட்டும் கை வர மாட்டேன் என்கிறது. எழுபத்தோரு வயது மனிதர், அதனால் இங்கே பெரியவர். வழியில் மூன்று இடத்தில் மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. கொட்டகைக் கூரையில் இரண்டு தகரத்தைக் காணோம். ஒன்று பக்கத்து வயலில் கிடந்தது. இன்னொன்று எந்த ஊருக்குப் போனதோ.

கூரையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆழ்குழாய் மோட்டார் ஓடக் கரண்ட் வேண்டும். உள்ளே 56 சினை மாடுகள். நல்லவேளை, கன்று போடுவதற்கு முன் பால் வற்ற விடும் காலம் இது. கறவை நடக்கும்போது இந்தப் புயல் வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

29 ஜனவரி, புதன்

ஆறாம் நாள். இன்னும் கரண்ட் இல்லை. புயல் அன்று நாட்டில் 7,68,000 இணைப்புகள் துண்டிக்கப்பட்டன என்று செய்தி. டப்ளினில் இருக்கும் நண்பன் "இன்னுமா?" என்கிறான்.

டிராக்டரோடு இணைத்து ஓட்டும் ஜெனரேட்டர் ஒன்று. நாலு வீட்டுக்கு அதுதான். காலையில் எங்களுக்கு ஒன்றரை மணி நேரம். தொட்டியை நிரப்பி, ஃப்ரீசரைக் குளிர வைத்து, போன்களைச் சார்ஜ் போட்டதும் அடுத்த வீட்டுக்காரர் வந்து ஓட்டிப் போய்விடுவார். வேலி விஷயமாக இரண்டு வருஷம் பேசாமலிருந்த இரண்டு குடும்பங்கள் இந்த நாலில் அடக்கம். இப்போதும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ஜெனரேட்டரைத் திருப்பிவிடும்போது டீசல் டேங்க் நிறைந்திருக்கிறது.

3 பிப்ரவரி, திங்கள்

கரண்ட் வந்து இரண்டு நாள் ஆகிறது. இன்று புனித பிரிஜிட் பெயரில் அரசு விடுமுறை. 2023-லிருந்துதான் இந்த விடுமுறை. அவரைக் கொண்டாடுவது மிகப் பழைய வழக்கம். மாட்டுக்கும் பாலுக்கும் காவல் அவர். பெரியவரின் தங்கை கோரைப்புல்லை மடித்து முடைந்த சிலுவை ஒன்றைக் கொண்டுவந்து தொழுவ வாசலில் செருகிவிட்டுப் போனார். போன வருஷத்துச் சிலுவையும் பக்கத்திலேயே காய்ந்து தொங்குகிறது. எங்கள் வீட்டு நிலைப்படி மாவிலை ஞாபகம் வந்தது.

ராத்திரி பத்தரைக்குப் போன். இந்தப் பருவத்தின் முதல் ஈற்று, 418. காதில் மஞ்சள் தோடு போட்டு எண்ணால் கூப்பிடும் ஊர் இது; இருந்தாலும் இவளுக்கு மட்டும் கிழவி என்று பெயர் உண்டு. பத்தாவது ஈற்று. நான் போவதற்குள் இரண்டு முன்னங்கால்களும் மூக்கும் தெரிந்தன. கயிறு, சங்கிலி எதுவும் தேவைப்படவில்லை. மூச்சை அடக்கி இரண்டு தடவை முக்கினாள், வைக்கோலில் வந்து விழுந்தது. கிடேரி. பெரியவர் ஒரு துரும்பை எடுத்துக் கன்றின் மூக்கில் விட்டார். அது தும்மியதும்தான் அவரும் மூச்சு விட்டார்.

அப்புறம் சீம்பால். இங்கே அதற்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்: முதல் கறவைப் பால், இரண்டு மணி நேரத்துக்குள், மூன்று லிட்டர். மீதியை வீட்டுக்கு எடுத்துப் போகட்டுமா என்று கேட்டேன். எதற்கு என்றார். வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வைத்துச் சாப்பிடுவோம் என்றேன். ரொம்ப நேரம் என்னையே பார்த்துவிட்டு, பாத்திரத்தை நீட்டினார்.

8 மார்ச், சனி

மாடுகளைப் புல்லுக்கு விட்ட நாள். நாலு மாதம் கான்கிரீட்டில் நின்றவை. வெளியே வந்ததும் பின்னங்கால்களைத் தூக்கி எறிந்து, வாலை நிமிர்த்தி, அறுநூறு கிலோ உடம்போடு கன்றுக்குட்டி மாதிரி குதிக்கின்றன. கிழவி குதிக்கவில்லை. எந்தக் கதவைத் திறந்தாலும் முதல் ஆளாகப் போவது அவள் வழக்கம். நேராக நடந்து போனாள், தலையைக் குனிந்தாள், மேய ஆரம்பித்துவிட்டாள்.

10 ஏப்ரல், வியாழன்

வியாழக்கிழமை என்றால் ஃபார்மர்ஸ் ஜர்னல் வரும் நாள். பெரியவர் முதலில் விலைப் பக்கம், அப்புறம் டிராக்டர் விளம்பரம், கடைசியில்தான் அரசியல். மாட்டிறைச்சி கிலோ ஏழு யூரோவைத் தாண்டிவிட்டது. வாழ்நாளில் பார்க்காத விலை என்கிறார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், "விற்க மாடு இருப்பவனுக்குத்தானே விலை" என்றார். ஆட்கள் மந்தையைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள், அதனால்தான் இந்த விலை என்பது அவர் கட்சி.

மதியம் சந்தையில் ஆறு காளைக்கன்றுகளை விற்றோம். வளையத்துக்குள் கன்று சுற்ற, ஏலக்காரர் மூச்சு விடாமல் எண்களைப் பாடுகிறார். கேட்பவர்களோ கம்பியில் சாய்ந்து, ஒரு புருவம், ஒரு விரல், அவ்வளவுதான். எங்கள் பக்கத்துச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசுவார்களே, அதே ரகசியம், துண்டு இல்லாமல். முடிந்ததும் பெரியவர் வாங்கியவரைத் தேடிப் போய் ஒரு இருபது யூரோ நோட்டைக் கையில் திணித்தார். லக் பென்னி. விற்றவன் வாங்கியவனுக்கு ராசிக்காகத் திருப்பிக் கொடுப்பது. வாங்கியவர் வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னார். ஒரு தடவைதான்.

31 மே, சனி

ஊறுகாய்ப்புல்லுக்கு (குளிர்காலத்துக்காக மூடிப் புளிக்க வைக்கும் தீவனம்) முதல் அறுப்பு முடிந்தது. ஒப்பந்தக்காரரின் வண்டிகள் ராத்திரி பன்னிரண்டு வரை விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடின. குவியலை மிதித்து இறுக்கி, கறுப்பு பிளாஸ்டிக்கை மூடி, பழைய டயர்களை அடுக்கி முடிக்கையில் என் முதுகு எனக்கு இல்லை.

அடுத்தது சாணிக்குழம்பு. அறுத்த நிலத்துக்கு அதுதான் உரம். தொட்டியைக் கலக்கும் முன் பெரியவர் எல்லாக் கதவையும் திறந்தார், நாயைக் கட்டினார், கையை நக்கிக் காற்றில் பிடித்துப் பார்த்தார். கலக்க ஆரம்பித்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு கிளம்பும். கொஞ்சம் இருந்தால் அழுகின முட்டை நாற்றம். நிறைய இருந்தால் நாற்றமே தெரியாது, ஏனென்றால் மூக்கு முதலில் செத்துவிடும். அரை மணி நேரம் கொட்டகைப் பக்கமே போகக் கூடாது. ஒரு தடவை, கையுறையை மறந்துவிட்டேன் என்று உள்ளே திரும்பினேன். அவர் என்னைத் திட்டி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

20 ஜூலை, ஞாயிறு

ஹர்லிங் இறுதிப் போட்டி. மட்டையும் பந்தும் வைத்து ஆடும் இந்த நாட்டு ஆட்டம். கறவையை முன்பே திட்டம் போட்டு நகர்த்தினோம். இடைவேளையில் கார்க் ஆறு புள்ளி முன்னால். தேநீர் போட்டுவிட்டு வருவதற்குள் டிப்பரெரி மேலே வந்துவிட்டது. முடிவு 3-27, 1-18 (முதல் எண் கோல், ஒரு கோலுக்கு மூன்று புள்ளி). இரண்டாம் பாதி முழுக்கக் கார்க் அடித்தது இரண்டே புள்ளி. பெரியவருக்கு இரண்டு அணியுமே ஆகாது. ஆகவே பரம திருப்தி.

17 செப்டம்பர், புதன்

தேசிய உழவுப் போட்டி, ஆஃபலி மாவட்டத்தில் டல்லமோர் பக்கம் ஸ்கிரெகன். 1931-ல் வெக்ஸ்ஃபோர்டுக்கும் கில்டேருக்கும் நடந்த ஒரு பந்தயத்தில் தொடங்கியது, இன்று மூன்று நாள் திருவிழா. உழவைப் பார்த்தவர்களை விட இலவசப் பை வாங்கியவர்கள்தான் அதிகம். நானும் நாலு பை வாங்கினேன்.

எந்தக் கூடாரத்துக்குப் போனாலும் இரண்டே பேச்சு. ஒன்று மெர்கோசூர். தென் அமெரிக்காவிலிருந்து 99,000 டன் மாட்டிறைச்சியைக் குறைந்த வரியில் ஐரோப்பாவுக்குள் விடும் ஒப்பந்தம். இந்த மாதம் 3-ம் தேதிதான் ஐரோப்பிய ஆணையம் அடுத்த கட்டத்துக்கு நகர்த்தியிருக்கிறது. உற்பத்தியில் பத்தில் ஒன்பது பங்கை ஏற்றுமதி செய்து பிழைக்கும் நாட்டுக்கு வயிறு கலங்காமல் இருக்குமா?

இன்னொன்று நைட்ரேட். ஒரு ஹெக்டேருக்கு மாடுகளின் சாணமும் மூத்திரமும் தரும் நைட்ரஜன் 170 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. அயர்லாந்துக்கு விலக்கு உண்டு: முன்பு 250, இப்போது பல இடங்களில் 220. வருஷக் கடைசியில் அந்த விலக்கு முடிகிறது. எங்கள் பண்ணை 170-க்கும் 220-க்கும் நடுவில் நிற்கிறது. விலக்கு போனால் மாட்டைக் குறைக்க வேண்டும், இல்லை நிலத்தைக் குத்தகைக்குப் பிடிக்க வேண்டும். ஆற்றுத் தண்ணீர் கெட்டுக் கிடப்பதும் பொய்யில்லை. பெரியவரே சொன்னார், சின்ன வயதில் கையால் அள்ளிக் குடித்த ஓடையில் இப்போது நாயைக்கூட விடுவதில்லை என்று. கூடாரத்துக்குள் மட்டும் சொல்லவில்லை, காரில் திரும்பும்போது சொன்னார்.

வாரிசுப் பேச்சும் காரில்தான். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. மருமகன், அதாவது சகோதரி மகன், ஒருவன் சிட்னியில் கட்டட வேலை. 2020 கணக்கெடுப்புப்படி இந்த நாட்டுப் பண்ணைக்காரர்களில் மூன்றில் ஒருவர் 65-ஐத் தாண்டியவர். 35 வயதுக்குக் கீழே நூற்றுக்கு ஏழு பேர் அளவுதான். மருமகன் கிறிஸ்துமஸுக்கு வருவானா என்று கேட்டேன். "வருவான். வந்தால் மாட்டையும் பார்ப்பான், படம் எடுப்பான்" என்றார்.

6 அக்டோபர், திங்கள்

காசநோய்ப் பரிசோதனை. பாலினஸ்லோ குதிரைச் சந்தை நேரம், ரோடெல்லாம் குதிரை வண்டி டிரெய்லர். டாக்டர் ஒரு மணி நேரம் தாமதம். ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் இரண்டு இடத்தில் மயிரை மழித்து, தோலைக் கிள்ளிப் பிடித்துத் தடிமனை அளந்து, மேலே ஒரு ஊசி, கீழே ஒரு ஊசி. மேலே பறவைக் காசநோய்க்கானது, கீழே மாட்டுக்கானது. 72 மணி நேரம் கழித்து வந்து திரும்ப அளப்பார். கீழே உள்ள வீக்கம் மேலே உள்ளதை விட நாலு மில்லிமீட்டருக்கு மேல் அதிகம் என்றால் அந்த மாடு போக வேண்டியதுதான்.

இந்த ஒழிப்புத் திட்டம் 1954-ல் தொடங்கியது. "நான் பிறந்த வருஷம். எங்கள் இரண்டு பேருக்குமே இன்னும் வேலை முடியவில்லை" என்றார் பெரியவர். போன வருஷம் மட்டும் நாட்டில் 41,000-க்கு மேல் மாடுகள் இதில் பிடிபட்டன.

9 அக்டோபர், வியாழன்

டாக்டர் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தார். தடவல், அடுத்தது, தடவல், அடுத்தது. கிழவியிடம் வந்ததும் கை நின்றது. அளவுகோலை எடுத்தார். இரண்டாம் தடவையும் அளந்தார். யாரும் எண்ணைக் கேட்கவில்லை.

ஒன்றுதான். ஆனால் ஒன்று போதும், பண்ணைக்குப் பூட்டு. அறுபது நாள் இடைவெளியில் இரண்டு சுத்தமான பரிசோதனை வரும்வரை அறுப்புக்கூடத்தைத் தவிர வேறெங்கும் ஒரு மாட்டையும் விற்க முடியாது. எல்லாம் நல்லபடியாகப் போனாலே பிப்ரவரி ஆகிவிடும். அதற்குள் கன்றுகள் பிறக்க ஆரம்பிக்கும், அவற்றை எங்கே கட்டுவது? கிழவியின் கிடேரிக்குப் பாதிப்பில்லை.

அவளைத் தனியாகக் கட்டினோம். அவள் பால் இனி டேங்கில் சேராது. சாயங்காலம் கறவைக்கூடத்துக் கதவைத் திறந்தேன். ஒன்றும் உள்ளே வரவில்லை. 55 மாடுகளும் வாசலில் நின்று ஒன்றின் பின்னால் ஒன்று ஒதுங்கின. குழிக்குள் நான் மடி துடைக்கும் துணியோடு நிற்கிறேன், மெஷின் ஓடுகிறது. நாலைந்து நிமிஷம் இருக்கும். அப்புறம் 377 ஒரு காலை வைத்தது, எடுத்தது, வைத்தது.

24 அக்டோபர், வெள்ளி

ஜனாதிபதித் தேர்தல். எனக்கு ஓட்டு இல்லை. கால்வேக்காரர் கேத்தரின் கானலி ஜெயிப்பார் என்று கடையில் எல்லாரும் சொல்கிறார்கள்.

மதிப்பீட்டாளர் முன்பே வந்து விலை போட்டுவிட்டுப் போயிருந்தார். நல்ல விலைதான். பத்து மணிக்கு லாரி வந்தது. டிரைவர் குச்சியை எடுத்தார், பெரியவர் வேண்டாம் என்று கை காட்டினார். சாய்வுப் பலகையை இறக்கிக் கதவைத் திறந்தார்கள். திறந்தவுடன் அவள் பாட்டுக்கு ஏறிப் போனாள்.

பெரியவர் கையைக் கழுவினார், பூட்ஸைக் கழற்றினார், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை எடுத்து மாட்டினார். ஓட்டுச்சாவடிக்கு என் காரில்தான் போனோம்.